கேட் திறக்க எத்தனை கேள்வி?

ஒரு பக்கம் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் எத்தனை கேள்வி கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டு. ஓசூரில் அதைச் செய்து பிழைக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி பேங்கிலோ ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலோ நின்றிருக்கிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். ஆட்களின் பெயர், பிரிவு, பஸ் என்று எல்லா விவரமும் டேட்டாபேஸ் என்கிற கிடங்கில் இருக்கும். பக்கம் திறக்க வேண்டுமானால் நிரல், அதாவது புரோகிராம், அந்தக் கிடங்கிடம் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் பாஷையில் அது குவெரி. யோசித்து எழுதினால் ஒரே கேள்வியில் எல்லாம் வந்து சேரும். அவசரத்தில் எழுதினால், பிரிவு முழுவதற்கும் டீ வாங்கப் போன ஆள் ஒவ்வொரு டம்ளருக்கும் தனித்தனியாகக் கடைக்கு நடந்த கதையாகிவிடும். டீ என்னவோ வரும். கடைசி ஆளுக்கு வரும்போது ஷிஃப்ட் முடிந்திருக்கும்.

எத்தனை நடை நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடுகிற நிரலை நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, அதனிடமே "இதுவரை எத்தனை குவெரி?" என்று தட்டிக் கேட்கலாம். ஒரு வரி நகர்த்திவிட்டு மறுபடியும் கேட்கலாம். எண் எந்த வரியில் குபீரென்று ஏறுகிறதோ அந்த வரிதான் குற்றவாளி. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

திரையில் என் நம்பர்

சூளகிரிப் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகள் செய்கிற தொழிற்சாலை ஒன்று. வேலை முடிந்து வெளியே போகும்போது ஒவ்வொருவரும் கேட்டில் இருக்கும் கருவியில் அட்டையைக் காட்ட வேண்டும். பக்கத்துத் திரை பச்சையானால் கேட் திறக்கும். அந்தத் திரையும் அதற்குப் பின்னால் இருக்கிற சகலமும் எங்கள் கம்பெனி செய்தது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடி. முதலாளி முனிரத்தினம் சார், திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த ஜெகன், நான். அவ்வளவுதான்.

சாருக்கு வாடிக்கையாளர் சேவையில் நம்பிக்கை அதிகம். அதனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேட் திரையின் அடியில் 'உதவிக்கு' என்று போட்டு என் செல் நம்பரைக் கொட்டை எழுத்தில் சேர்த்துவிட்டார். அன்று சாயங்காலமே போன் வந்தது. பேசியவர் பெயர் ஸ்டெல்லா. ஒயர் கட்டும் பிரிவில் வேலை, சீக்கிரமே லைன் லீடர் ஆகப்போகிறவர். வீடு தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரம். அந்தப் பக்கம் போகிற கம்பெனி பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. இருட்டினால் அந்த ரோட்டில் யானை இறங்கும், டிரைவருக்கும் குடும்பம் இருக்கிறது. பஸ்ஸை விட்டால் ஸ்டெல்லாவின் கணவர் டூவீலரில் வந்து அழைத்துப் போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே "இவ்வளவு தூரம் போய் என்ன வேலை" என்று ஆரம்பித்திருந்தார்கள். இவருக்கோ அந்த வேலையை விட மனசில்லை. இதையெல்லாம் கேட்டுக்கு உள்ளே வரிசையில் நின்றபடி என்னிடம் சொல்லி முடித்தார். அப்போதும் திரையில் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்க கம்ப்யூட்டரு யோசன பண்ணி முடிக்கறதுக்குள்ளாற எங்க பஸ்ஸு உத்தனப்பள்ளி தாண்டிடும்ங்க."

எங்கள் மெஷினில் வேகமாகத்தான் ஓடுகிறது

இந்தத் தலைப்பை ஒரு தடவையாவது வாயால் சொல்லாதவர்கள் என் தொழிலில் இல்லை. நானும் சொன்னேன். எங்கள் ஆபீஸில் அதே பக்கத்தைத் திறந்தால் கண் மூடித் திறப்பதற்குள் பச்சை வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் மட்டும் ஏன் இழுக்கிறது? லைன் சரியில்லை, அவர்கள் கம்ப்யூட்டர் பழசு, கிரானைட் லாரி போகிற அதிர்வில் ஒயர் தளர்ந்திருக்கும் என்று முனிரத்தினம் சார் வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தார். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நிலவரம் என்னவென்றால், எங்கள் ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த பிரதியில் இருந்த தொழிலாளர்கள் மூன்றே பேர்: முனிரத்தினம், ஜெகன், 'டெஸ்ட் டெஸ்ட்'. மூன்று பேருக்குத் தனித்தனியாகக் கடைக்கு நடந்தாலும் டீ சூடாகவே வந்துவிடும். தொழிற்சாலையிலோ ஒரு ஊரே வேலை செய்கிறது. இதை விளக்கத்தான் நேரில் போனோம். அந்தத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். மேனேஜர் நிதானமானவர், நறுக்கென்று கேட்கத் தெரிந்தவர். சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சாஃப்ட்வேரில் குறையே இல்லை, ஆட்கள் குறைவாக இருந்தால் பிரமாதமாக ஓடும் என்று எடுத்துச் சொன்னார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நாங்க மூணு பேர மட்டும் வேலைக்கு வெச்சுக்கிட்டு பாக்கிப் பேர வீட்டுக்கு அனுப்பிடலாம்னு சொல்றீங்களா சார்?"

எண்ண எண்ண ஏறுகிறது

திரும்பி வந்து ஆபீஸ் பிரதியில் தொழிற்சாலை அளவுக்கு ஆட்களை நிரப்பினோம். ஜெகன் தன் பள்ளிக்கூட நண்பர்கள், சொந்தக்காரர்கள், ஊரில் முறைத்துக்கொண்ட ஆட்கள் என்று அத்தனை பேரையும் வேலைக்குச் சேர்த்தான். பக்கம் உடனே படுத்துவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நோய் வந்ததற்குச் சந்தோஷப்படுகிற ஆட்கள் நாங்கள்தான். அவன் மெஷினில் அவனும், என் மெஷினில் நானும் நிரலை ஒரே வரியில் நிறுத்தி எண்ணினோம். அவனுக்கு ஒரு எண் வந்தது. எனக்கு அதைப்போல இரண்டு பங்கு வந்தது. மறுபடி கேட்டேன், இன்னும் ஏறியிருந்தது. நிரல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஒரு அடி நகரவில்லை; எண் மட்டும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடுகிறது. மதியச் சாப்பாடு வரை என் மெஷினைச் சந்தேகப்பட்டேன், அதற்குப் பிறகு என் படிப்பைச் சந்தேகப்பட்டேன். பர்கூரில் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவளுக்கு ஒரு எண்ணை எண்ணத் தெரியவில்லையே என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

விஷயம் இதுதான். நிரலை நிறுத்தி வைக்கும்போது ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். எதைப் பார்க்க வேண்டுமோ அதன் பெயரை அதில் எழுதி வைத்தால், உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். நான் ஆட்கள் பட்டியலை அதில் போட்டு வைத்திருந்தேன். பட்டியலைக் காட்ட வேண்டுமானால் அந்த ஜன்னலும் கிடங்குக்குப் போய்க் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நான் ஒவ்வொரு தடவை எட்டிப் பார்த்தபோதும் அது ஒரு நடை போய் வந்திருக்கிறது. நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிறேன் பேர்வழி என்று தெர்மாமீட்டரை அடுப்பில் காட்டியிருக்கிறேன். ஜெகன் என் ஜன்னலை மூடினான். இரண்டு பேருக்கும் எண் ஒன்றாக வந்தது. அவன் சிரிக்கவில்லை, அதுதான் ரொம்பச் சுட்டது.

"நீங்க எண்ணுதத நிறுத்துனாலே பாதி வேகம் வந்துரும்க்கா."

சார் டீ குடிக்கப் போனார்

ஜன்னலை மூடிய பிறகும் எண் ஆயிரத்தைத் தாண்டியது. வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனதில் குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டது. பிறந்தநாள் வாழ்த்து. யாருக்காவது பிறந்தநாள் என்றால், அவர் வெளியே போகும்போது தொழிற்சாலையின் எம்.டி. கைகூப்பி நிற்கிற போட்டோவுடன் திரையில் வாழ்த்து வரும். அதற்காக, யார் அட்டையைக் காட்டினாலும் சரி, நிரல் கிடங்குக்குப் போய் தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாக "இவருக்கு இன்றைக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டுவிட்டு வந்துதான் பச்சை காட்டும். ஒருவர் வெளியே போக ஆயிரம் பேருடைய பிறந்தநாள். அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு மறுபடியும் அதே ஆயிரம் பேர்.

இதை முனிரத்தினம் சாரிடம் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. வாழ்த்து அவருடைய சொந்த யோசனை, எம்.டி.யின் மனசைப் பிடித்ததே அதை வைத்துத்தான். "நானும் ஒரு காலத்துல கோடிங் எழுதினவன்தாம்மா" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். ஆபீஸ் பிரதியில் அல்ல, தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிற நிஜ நிரலில். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று நானும் ஜெகனும் மாறி மாறிச் சொன்னோம். பிறந்தநாள் வரியில் நிறுத்தும்படி கட்டளை கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அங்கே ஷிஃப்ட் முடிந்து முதல் ஆள் அட்டையைக் காட்ட, நிரலும் சொன்ன பேச்சுக் கேட்டு அந்த வரியிலேயே நின்றது. சார் எண்ணைப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை என்றார். அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

என் போன் கதற ஆரம்பித்தது. கேட் வரிசை தொழிற்சாலைக்குள்ளே வளைந்து கேன்டீன் வரை போயிருக்கிறது. ஜெகன் சாரைத் தேடி ஓடினான். கேட் செக்யூரிட்டி ராமப்பா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். கையால் கேட்டைத் திறந்துவிடக் கூடாதா என்று அவரிடம் கெஞ்சினேன். "ஸ்க்ரீனு பச்சை ஆகாம நானு தெறந்தா என் வேலெ ஹோகுத்து, போயிடும் மா. உங்க சாரு டீ குடிச்சு முடிக்கட்டும், தெறக்கறேன்" என்றார், கோபமே இல்லாமல். சார் நிதானமாக டீயை முடித்துவிட்டு வந்து பாஸ்வேர்டு போடுவதற்குள் தேன்கனிக்கோட்டை பஸ் காலி இருக்கைகளோடு போய்விட்டது. ஸ்டெல்லாவும் அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலரும் ரோட்டோரம் நிற்க, வீட்டு ஆண்கள் வண்டியில் வந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் நானே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். கணவர் சத்தம் போட்டாரா என்று கேட்டேன்.

"அவுரு திட்டவே இல்லீங்க்கா. இன்னொரு தடவ பஸ்ஸ வுட்டா அதோட வேலையும் வுட்டுடுன்னு மட்டும் மெதுவாச் சொன்னாரு. திட்டியிருந்தா தேவலாம்ங்க."

கமிட்டி

அன்றைக்கு ஸ்டெல்லா 'மேடம்' என்பதை விட்டு 'அக்கா'வுக்கு வந்திருந்தார். அதற்காகவாவது சரி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வேலை பெரிதல்ல. ஒவ்வொருவராகக் கேட்பதை எடுத்துவிட்டு, "இன்றைக்கு யாருக்கெல்லாம் பிறந்தநாள்?" என்று ஒரே ஒரு தடவை கேட்க வைத்தேன். ஆயிரத்துச் சொச்சமாக இருந்த எண் ஐந்துக்கு இறங்கியது. ஜெகன் தன் மெஷினிலும் எண்ணிப் பார்த்தான், ஐந்துதான். ஜன்னலை மூடிவிட்டுத்தான் எண்ணினோம்.

ஆனால் தொழிற்சாலையில் எதையும் மாற்றுவதற்கு ஒரு கமிட்டி உண்டு. அது கூடுகிறபோதுதான் கூடும். அதுவரைக்கும் ராமப்பா தன் அதிகாரத்துக்கு உட்பட்டு ஒன்றைச் செய்தார். தேன்கனிக்கோட்டைப் பெண்களை வரிசையில் முன்னால் நிறுத்தினார். மற்ற பஸ்களில் போகிறவர்கள் கத்தியது எனக்கும் போனில் கேட்டது. ஒருவழியாகக் கமிட்டி கூடியது. எண் ஏறியதையும் இறங்கியதையும் படம் போட்டுக் காட்டினேன். ஏழு பேர் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி பார்த்தார்கள். திரையில் புதிதாக என்ன வரும் என்று கேட்டார்கள். புதிதாக ஒன்றும் வராது என்றேன். கலராவது மாறுமா? மாறாது. ரிப்போர்ட்? அதே ரிப்போர்ட்தான். வாழ்த்து? அப்படியே இருக்கும், வேகமாக மட்டும் வரும். ஹெச்.ஆர். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணுமே மாறலன்னா எதுக்கும்மா மாத்தறீங்க?"

மேனேஜர் வரிசையில்

கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேறு கேட், அட்டையும் இல்லை திரையும் இல்லை. கமிட்டியில் இருக்கிற எல்லோருக்கும் கார் இருக்கிறது. அதனால் அந்தச் சக்கரத்தை அவர்கள் யாரும் நின்று பார்த்ததே இல்லை. கடவுள் இருக்கிறார் என்று நான் நம்புவது அந்த வாரம் மேனேஜரின் காரை சர்வீஸுக்கு அனுப்பினாரே, அதனால்தான்.

ஊரில் யாருக்கோ கிரகப்பிரவேசம், மேனேஜர் சீக்கிரம் கிளம்பி கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முன்னால் பெண்கள், பின்னால் பெண்கள், மேலே வெயில், திரையில் சக்கரம். ராமப்பா அவருக்கு சல்யூட் அடித்தாரே தவிர, கேட்டைத் திறக்கவில்லை. மேனேஜர் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போதுதான் அதன் அடியில் கொட்டை எழுத்தில் இருந்த நம்பர் கண்ணில் பட்டிருக்கிறது. என் போன் அடித்தது. ஸ்டெல்லாவாக இருக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"மேடம், நான் கேட்லருந்து பேசறேன். கமிட்டி கூடிடுச்சு, ஒத்துக்கிடுச்சுன்னு வெச்சுக்கங்க. அந்த மாத்தத்தப் போடுங்க சீக்கிரம்."

வாழ்த்து நிற்க வேண்டும்

போட்டோம். மறுநாள் நானும் ஜெகனும் சூளகிரிக்கே போய் கேட் ஓரமாக நின்று பார்த்தோம். அட்டை, பச்சை, அட்டை, பச்சை. வரிசை என்ற ஒன்று சேரவே இல்லை. ஸ்டெல்லாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடித்துக் கை காட்டினார். பஸ் திரும்பி மறையும் வரை நானும் கை காட்டிக்கொண்டே நின்றேன்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். எம்.டி. ஒருநாள் சாயங்காலம் கேட் பக்கம் வந்து, தன் வாழ்த்து எப்படி இருக்கிறது என்று நின்று பார்த்தார். வந்த வேகத்தில் போட்டோ மறைந்துவிட்டது, கூப்பிய கை தெரிவதற்குள் கேட் திறந்துவிட்டது. உடனே மேனேஜர் முனிரத்தினம் சாரைக் கூப்பிட, சார் என்னைக் கூப்பிட்டார். வாழ்த்து நிதானமாக நிற்க வேண்டும், அது நிற்கிற வரைக்கும் கேட் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எவ்வளவோ பாடுபட்டுக் கழற்றிய தாமதத்தை என் கையாலேயே திரும்ப மாட்டச் சொல்கிறார்கள். முடியாது என்றேன். "கஸ்டமர் கேட்டதத்தாம்மா நாம குடுக்கணும்" என்று சொல்லி சாரே ஜெகனை உட்கார வைத்துப் போட வைத்தார். பிறந்தநாள்காரருக்கு மட்டும்தானே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர்தானே என்று எனக்குச் சமாதானமும் சொன்னார்.

அந்த வாரத்திலேயே ஸ்டெல்லாவுக்குப் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு லைனில் வேலை முடியத் தாமதமாகி, கடைசி ஆளாக ஓடி வந்து அட்டையைக் காட்டியிருக்கிறார். எம்.டி. கைகூப்பிக்கொண்டு திரையில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை நகர்த்த, ராமப்பா ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாராம். திரை பச்சையாகி, ஸ்டெல்லா ஏறி, பஸ் உத்தனப்பள்ளியைத் தாண்டிய பிறகுதான் எனக்கு போன் வந்தது. நடந்ததை ஸ்டெல்லாவே சொன்னார். மற்ற பெண்கள் பாட்டுப் பாடி வாழ்த்துவதும் கேட்டது. நானும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன்.

"பெரியவங்க குடுக்கற வாழ்த்த வேணாம்னு சொல்லக் கூடாதுங்க்கா. அதனால என் பொறந்த தேதிய மட்டும் பிப்ரவரி முப்பதுன்னு மாத்திப் போட்டுடுங்க, எனக்கு பஸ்ஸு போதும்."

பிப்ரவரி முப்பதை டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளாது என்பதால் சாருக்குத் தெரியாமல் வேறு ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அன்று முதல் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் போகிற யாருக்கும் எங்கள் திரையில் பிறந்தநாளே வருவதில்லை, ஆனால் அத்தனை பேரும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.